தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் உயர்தர மாணவருக்கு அரசறிவியல் வகுப்பு எடுக்கிறேன். தமிழ்நாட்டில் தேர்தல் வந்துவிட்டால் பிள்ளைகளை விட, அவர்களைக் கூட்டிப்போக வாசலில் நிற்கிற அப்பா அம்மாமார்தான் கூடக் கேள்வி கேட்பார்கள். தமிழ்நாட்டில் அகதி முகாம் வாழ்க்கை முடிந்து திரும்பி வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ஒரே சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

எம்.எல்.ஏ. எண்டா ஆர்? எங்கட எம்.பி. மாதிரியோ?

இந்தியாவில் நாடு முழுவதற்கும் ஒரு பாராளுமன்றம் டில்லியில் இருக்கிறது. அங்கே போகிறவர் எம்.பி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக ஒரு சட்டமன்றம் உண்டு. அங்கே போகிறவர்தான் எம்.எல்.ஏ., அதாவது சட்டமன்ற உறுப்பினர். காவல்துறை, காணி, வைத்தியசாலை, விவசாயம் போன்றவற்றில் சட்டம் இயற்றுகிற அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, குடியுரிமை எல்லாம் டில்லியிடம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

தெரிவு செய்யும் முறையும் நம்முடையது போல் இல்லை. நமது மாவட்டத்துக்கு 4 எம்.பி.மார். கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆட்களுக்கு மூன்று விருப்பு வாக்கு வரை போடுகிறோம். அங்கே ஒரு தொகுதிக்கு ஒரே ஒருவர்தான். அதிக வாக்கு எடுத்தவர் வென்றவர். ஒரு வாக்கு கூட எடுத்தாலும் வென்றவர்தான். நம் ஊரில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1977 தேர்தல் வரை இங்கேயும் அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் திருகோணமலைத் தொகுதியில் வென்ற சம்பந்தன் ஐயா, அந்தத் தொகுதிக்கு ஒரேயொரு எம்.பி.யாகப் போனார்.

அப்ப எம்.எல்.ஏ.க்குச் சமமான ஆள் எங்கட பக்கம் ஆர்?

மாகாண சபை உறுப்பினர். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு 13ஆம் திருத்தத்தால் வந்த மாகாண சபைக்கு இந்திய மாநிலங்களே முன்மாதிரி. ஆளுநர், முதலமைச்சர் என்று பெயர்கள்கூட ஒன்றுதான். அதிகாரம் மட்டும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.

கிழக்கு மாகாண சபைக்கு 37 உறுப்பினர். அதில் 10 ஆசனம் திருகோணமலை மாவட்டத்துக்கு. சபையின் தலைமையிடமும் நமது நகரம்தான். ஆனால் 2017 செப்டம்பரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில் நிர்வாகம் கிடக்கிறது. 2017இல் முதல் வாக்குரிமை பெற்ற என் மாணவர்கள் இப்போது பிள்ளைகளின் கைபிடித்து வருகிறார்கள். ஒரு தடவைகூட மாகாண சபைக்கு வாக்களிக்காதவர்கள் அவர்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. பற்றி நம் ஆட்கள் இவ்வளவு ஆசையாகக் கேட்பதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில மொத்தம் எத்தினை பேர், எங்க கூடுறவை?

234 பேர். அதில் 44 தொகுதி பட்டியல் சாதியினருக்கும் 2 தொகுதி பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆட்சி அமைக்க 118 வேண்டும். காலம் 5 வருடம். சென்னையில் கடற்கரையோரம் வெள்ளைக்காரன் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சபை கூடுகிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிற நமக்கு, ஒரு பழைய கோட்டைக்குள் இன்றைய அலுவல் நடப்பதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

ஆர் நிக்கலாம்? படிப்பு வேணுமோ? கட்டுப்பணம் எவ்வளவு?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த மாநில வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் இல்லை. கட்டுப்பணம் 10,000 இந்திய ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 5,000. அங்கே இதை ‘டெபாசிட்’ என்பார்கள். விழுந்த செல்லுபடியான வாக்கில் ஆறிலொரு பங்குக்குக் குறைவாக எடுத்துத் தோற்றால் அந்தக் காசு திரும்பாது. ‘டெபாசிட் போச்சு’ என்று சினிமாவில் கேட்டிருப்பீர்கள், அது இதுதான்.

முன்பு வெறும் 250 ரூபாய்தான் கட்டுப்பணம். 1996இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறையைக் காட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். 1033 வேட்பாளர்! வாக்குச்சீட்டை ஒரு கொப்பி போலத் தைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த வருடமே கட்டுப்பணம் 5,000 ஆக உயர்த்தப்பட்டது.

எம்.ஜி.ஆர். இலங்கையில பிறந்தவர் தானே, அவர் எப்பிடி அங்க நிண்டவர்?

பிறந்த இடம் தடையே இல்லை, குடியுரிமைதான் கேள்வி. 1917 ஜனவரி 17இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர், சின்ன வயதிலேயே இந்தியா போய்விட்டார். இந்தியக் குடிமகனாகவே அரசியலுக்கு வந்தார்.

அவருடைய சட்டமன்ற வாழ்க்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு எம்.எல்.ஏ.யின் ஏற்ற இறக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. 1962இல் மேலவை உறுப்பினர். 1967 ஜனவரி 12இல் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருக்கிற படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். 1972இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கினார். 1977இல் அருப்புக்கோட்டையில் வென்று முதலமைச்சர். 1980இல் டில்லி அவரது ஆட்சியைக் கலைத்தது. சில மாதத்தில் மதுரை மேற்கில் நின்று வென்று திரும்பி வந்தார். 1984இல் நியூயோர்க்கில் வைத்தியசாலையில் கிடந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். 1987 டிசம்பர் 24இல் இறக்கும்போதும் முதலமைச்சர்தான். அன்று திருகோணமலைத் தெருக்களில் கடை பூட்டிக் கிடந்ததை என் அம்மா இப்போதும் சொல்லுவார்.

மண்டபம் முகாமில இருவது வருசம் இருந்தம். எங்களுக்கு ஏன் அங்க வோட்டு இல்ல?

மேலே சொன்ன குடியுரிமைதான் காரணம். எத்தனை வருடம் இருந்தாலும் அகதியாகப் பதிந்தவர் வாக்காளர் இடாப்பில் வரமாட்டார். இதை மாற்றும் அதிகாரம் எம்.எல்.ஏ.க்கும் இல்லை, முதலமைச்சருக்கும் இல்லை. அது டில்லியின் கையில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி மதுரை நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022இல் தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரலில் அவர் முதல் தடவையாக வாக்களித்தார். உங்கள் குடும்பத்தில் அந்தத் திகதிக்கு முன்பு அங்கே பிறந்தவர்கள் இருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஒரு எம்.எல்.ஏ. நாள் முழுக்க என்னதான் செய்யிறவர்?

சபை கூடுகிற நாட்களில் காலையில் கேள்வி நேரம். தன் தொகுதியில் பாலம் ஏன் முடியவில்லை, ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏன் இல்லை என்று அமைச்சரை நிற்க வைத்துக் கேட்கலாம். பிறகு ஒவ்வொரு துறையின் செலவுக்கும் மானியக் கோரிக்கை விவாதம், சட்டமூலங்கள், கவன ஈர்ப்புத் தீர்மானம். ஆனால் சபை வருடத்தில் கொஞ்ச நாள்தான் கூடும். மிச்ச நாளெல்லாம் தொகுதியில்தான் கழியும். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பணம், பள்ளிக்கூட இடம், தண்ணீர்க் குழாய் என்று மனுக்கள் குவியும். கல்யாண வீடு, காதுகுத்து, செத்த வீடு எதையும் தவறவிட முடியாது. ‘எங்கட வீட்டுச் சாவுக்கு வரேல்ல’ என்ற ஒரு பேச்சு ஒரு தெருவின் வாக்கைக் கொண்டுபோய்விடும்.

உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி இருக்கிறார். 1990இல் வள்ளத்தில் போய் முகாமில் பல வருடம் இருந்து திரும்பியவர். ஒரு ட்ரங்குப் பெட்டியின் அடியில், பொலித்தீன் பைக்குள், நாலாக மடித்த ஒரு கடிதம் வைத்திருக்கிறார். மேலே கோபுர முத்திரை. மகளின் காய்ச்சலுக்கு அரச வைத்தியசாலையில் இடம் கேட்டு அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. கொடுத்த சிபாரிசு, நான்கே வரி. மடிப்பு விழுந்த இடத்தில் மை கரைந்துவிட்டது. ‘என்ர வோட்டு அவருக்கு இல்லை எண்டு தெரிஞ்சும் கையெழுத்து வைச்சவர்’ என்று சொல்லித்தான் எடுத்துக் காட்டினார். சட்டப் புத்தகத்தில் எம்.எல்.ஏ.யின் கடமைகளில் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் சனத்துக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. அதுதான்.

தொகுதி நிதி எண்டு 3 கோடி குடுக்கினமாமே, அது அவற்ற கைக்கு வருமோ?

வராது. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கப்படுகிறது. எந்த வேலை என்று எம்.எல்.ஏ. எழுதிக் கொடுப்பார். வகுப்பறை, பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி, தெருவிளக்கு, இப்படி. காசைக் கையாள்வதும் வேலையை ஒப்படைப்பதும் மாவட்ட ஆட்சியரின் கீழுள்ள அதிகாரிகள். நமது எம்.பி.மாருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதி போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஊழலுக்கு வழி இல்லை என்று நான் சொல்லவில்லை. காசோலை அவர் பெயரில் எழுதப்படுவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

சம்பளம்?

2017இல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 இந்திய ரூபாயாக உயர்த்தினார்கள், படிகள் எல்லாம் சேர்த்து. அதோடு சென்னையில் தங்குமிடம், பயணச் சலுகை, பதவி முடிந்தபின் ஓய்வூதியம் உண்டு.

பொம்பிளையள் எப்ப இருந்து சட்டசபைக்குப் போகத் தொடங்கினவை?

பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்தவர். டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவராகவும் ஆனார். கோயிலுக்குப் பெண் பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறைக்கு எதிராகச் சபையில் போராடினார். காந்தி கைதானபோது 1930இல் பதவியைத் தூக்கி எறிந்தார். அவர் தொடங்கிய அந்தச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. சபையில் இருந்தது சில வருடம்தான், வேலை ஒரு தலைமுறைக்குப் போதுமானது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையைத் தொடங்கியவரும் அவரே. இங்கிருந்து எத்தனையோ பேர் அங்கே வைத்தியத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள், அந்தப் பெயரை அறியாமலே.

மேலவை எண்டு மேல ஒண்டு சொன்னீங்கள், அது என்ன?

தேர்தலில் நேரடியாக நிற்காமல் பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளூராட்சி உறுப்பினர்கள், எம்.எல்.ஏ.க்கள் போன்றோரால் தெரிவாகியும் நியமனமாகியும் வருகிற இரண்டாவது சபை. 1967இல் அண்ணா பாராளுமன்றத்துக்குத்தான் வென்றிருந்தார். பிறகு மேலவை வழியாகவே முதலமைச்சர் பதவியில் நீடித்தார். 1986 நவம்பர் 1இல் தமிழ்நாட்டில் அதை ஒழித்துவிட்டார்கள்.

ஒரு எம்.எல்.ஏ. செத்தா அடுத்த ஆள் ஆர் வருவார்?

யாரும் தானாக வரமாட்டார். ஆறு மாதத்துக்குள் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். நமக்கு இது விளங்குவது கஷ்டம். 2024இல் சம்பந்தன் ஐயா காலமானபோது, பட்டியலில் அடுத்து நின்ற சண்முகம் குகதாசன் எம்.பி.யாகப் போனார். நாம் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. அங்கே என்றால் தொகுதி முழுக்க மறுபடியும் மேடை, கொடி, ஒலிபெருக்கிதான்.

சபைக்குப் போகாமலே இருந்தா?

அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் ஆசனம் வெறுமை என்று சபை அறிவிக்கலாம். 1983இல் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மூன்று மாதம் பாராளுமன்றத்துக்குப் போகாமல் ஆசனம் இழந்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே மாதிரியான விதிதான்.

கட்சி மாறினா பதவி போகுமோ? அப்ப அந்த 18 பேற்ற கதை என்ன?

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டப்படி, தானாகக் கட்சியை விட்டாலோ கட்சிக் கொறடாவின் (சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக்காரருக்குச் சொல்கிறவர்) கட்டளையை மீறி வாக்களித்தாலோ பதவி போகும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டும் தப்பலாம். தீர்ப்புச் சொல்கிறவர் சபாநாயகர். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான், ஏனென்றால் அவர் பெரும்பாலும் ஆளும் கட்சிக்காரர்.

2017 பெப்ரவரி 18இல் அ.தி.மு.க. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கில் வென்றார். எதிர்த்து வாக்களித்த 11 பேரும் அவரது கட்சிச் சின்னத்தில் வென்றவர்கள். அவர்கள் பதவி போகவில்லை. பிறகு அதே கட்சியின் இன்னொரு பிரிவைச் சேர்ந்த 18 பேர், முதலமைச்சரில் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பரில் அந்த 18 பேரையும் சபாநாயகர் நீக்கினார். 2018 ஒக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. சபையிலேயே எதிர்த்து வாக்களித்தவர் இருக்க, கடிதம் கொடுத்தவர் போனது எப்படி நியாயம் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. இந்த முடிவைச் சபாநாயகரிடம் விடாமல் ஒரு தனி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எம்.எல்.ஏ.யா இல்லாத ஜெயலலிதா 2001ல எப்பிடி முதலமைச்சர் ஆனவ?

எம்.எல்.ஏ. அல்லாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் தெரிவாகி வந்துவிட வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பிடித்துத்தான் பதவியேற்றார். ஆனால் ஒரு வழக்கில் தண்டனை இருந்ததால் அவரது வேட்புமனுவே தள்ளப்பட்டிருந்தது. தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாதம் பொருந்தாது என்று 2001 செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி போனது. மேன்முறையீட்டில் விடுதலையாகி 2002இல் ஆண்டிப்பட்டியில் வென்று திரும்பினார்.

இதையொட்டி இன்னொன்று. இரண்டு வருடமோ கூடவோ சிறைத்தண்டனை கிடைத்தால் எம்.எல்.ஏ. பதவி அன்றே போய்விடும் என்பது 2013 தீர்ப்புக்குப் பிறகுள்ள நிலை. முன்பு மேன்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதலமைச்சராக இருக்கும்போதே ஆசனம் இழந்தது இதனால்தான்.

பெரிய ஆக்கள் தோத்திருக்கினமோ?

காமராசர் 1967இல் சொந்த ஊரான விருதுநகரில், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். 1996இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். மறுபக்கம், கருணாநிதி 1957 குளித்தலை முதல் 2016 திருவாரூர் வரை நின்ற 13 தடவையும் வென்றவர்.

எனக்குப் பிடித்த கதை ராதாபுரம். 2016இல் அப்பாவு அங்கே 49 வாக்கில் தோற்றார். தபால் வாக்குகள் சரியாக எண்ணப்படவில்லை என்று நீதிமன்றம் போனார். வழக்கு இழுபட்டது. 2021இல் அதே தொகுதியில் நின்று வென்றார், சபாநாயகராகவும் ஆனார். 49 பேர் என்றால் நிலாவெளிக்குப் போகிற ஒரு பஸ்ஸில் ஏறுகிற சனம்.

எங்களுக்காக அந்தச் சட்டசபை எத்தினை தீர்மானம் போட்டிருக்கு! ஏன் ஒண்டும் நடக்கிறேல்ல?

இது கோபத்தோடு கேட்கப்படுகிற கேள்வி. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2013 மார்ச் 27இல் ஈழத்தமிழரிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் முதல் பதிலில் சொன்னபடி வெளிநாட்டு உறவு டில்லியின் அதிகாரம். மாநிலச் சட்டமன்றத் தீர்மானம் டில்லிக்கு ஒரு வேண்டுகோள். டில்லி அதை ஏற்கலாம், கோப்புக்குள் வைக்கலாம். 234 பேரும் எழுந்து நின்று கைதூக்கினாலும் அதுதான் அதன் எல்லை.

டில்லி ஒத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2022 ஏப்ரல் 29இல், நாம் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப அனுமதி கேட்டு அதே சபை தீர்மானம் போட்டது. மே 18இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அந்த அரிசி வந்த பையில் இப்போது முருங்கைக்காய் கட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்து மங்கிவிட்டது, பை கிழியவில்லை.

எங்கட சொந்தக்காரர் இன்னும் அங்க முகாமில இருக்கினம். நான் இங்க இருந்து அந்த எம்.எல்.ஏ.க்குக் கடிதம் எழுதலாமோ?

எழுதலாம், தடை இல்லை. ஆனால் அங்கே இருக்கிறவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுவுக்குத்தான் வேகம் கூட. முகாம் எந்தத் தொகுதிக்குள் வருகிறது என்று பார்த்து, அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம், வைத்தியம் என்றால் அவரால் உதவ முடியும். குடியுரிமை, கடவுச்சீட்டு என்றால் அதே மனுவை அந்தத் தொகுதி எம்.பி.க்கும் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் உண்டு, அங்கேயும் ஒன்று கொடுக்கலாம்.

ஒரு மனுவில் ஒரு விசயம் மட்டும், ஒரு பக்கத்துக்குள். முகாம் பதிவு இலக்கத்தை மேலேயே எழுத வேண்டும். கொடுத்த திகதியோடு அலுவலக முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அந்தப் பிரதியை மடிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மடிப்பில்தான் மை முதலில் கரையும்.